எட்டுப் பேர் சேராத மொட்டைமாடி

மாடிக்கு மூன்றாக எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். ஒன்றின் தலைமேல் ஒன்றாக வீடு கட்டித் தனித்தனியே விற்று, படிக்கட்டையும் மொட்டைமாடியையும் தண்ணீர்த் தொட்டியையும் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிடும் வழக்கம் தியாகராய நகரில் அப்போதுதான் தொடங்கியிருந்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிற உறவினர்கள் எங்கள் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அது சரி, இதுல ஒம்ம மண்ணு எங்க வே இருக்கு?" என்று அப்பாவைக் கேட்பார்கள். அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்து, கிலோக் கணக்கில் டம்ளர் விற்று வாங்கிய வீடு. அதில் மண் இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

மண் இல்லாதது கூடப் பரவாயில்லை. தண்ணீரும் இல்லை என்பதுதான் கதை.

குடிவந்த இரண்டாம் வருஷம் கட்டடத்தின் மோட்டார் எரிந்துபோனது. கீழ்த்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற அது ஒன்றுதான் இருந்தது. கீழ்வீடுகள் மூன்றுக்கும் கார்ப்பரேஷன் குழாயிலேயே தண்ணீர் வந்துவிடும். முதல் மாடியிலிருந்து மேலே இருக்கிற நாங்கள் எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும், ஏற வேண்டும். அம்மா இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. நான் வலது கையில் வாளி, இடது கையில் காலேஜ் புத்தகம். படிக்கும் பெண் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா? எங்கள் வம்சத்திலேயே முதன்முதலில் பள்ளிக்கூடப் படி ஏறியவள் நான். அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

அக்காவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் சின்னவளாக இருந்தபோது நாங்கள் ஊரில் இருந்தோம். பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்பும் பேச்சே அங்கே எழவில்லை. மெட்ராஸ் வந்த பிறகு எனக்குப் புத்தகம் வாங்கினார்கள், அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். சைதாப்பேட்டையில் கொடுத்தோம். அவள் முதல் பிள்ளை உண்டாகி ஏழாம் மாதம் நெருங்கியபோதுதான் மோட்டார் விவகாரம் எங்கள் வீட்டு விவகாரம் ஆனது.

வளைகாப்பு பேச வந்த அக்காவின் மாமியார் மூன்று மாடி ஏறி வந்து உட்கார்ந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். அது எங்கிருந்து வந்தது என்பதையும் ஏறும்போதே பார்த்திருந்தார்.

"மதினி, கோவிச்சுக்கிடாதிய. பிள்ள பெத்த வீட்டுல தண்ணி அண்டா அண்டாவா வேணும். இங்க ஒரு செம்புத் தண்ணிக்கு மல ஏற வேண்டியிருக்கு. மோட்டார் போட்டா அனுப்புதோம். இல்லன்னா பிரசவம் எங்க வீட்டுலயே ஆவட்டும்."

அவர் போன பிறகு அம்மா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வரவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயமல்ல. அதைவிட, அக்கா எனக்குத் தனியே சொல்லி அனுப்பியிருந்தாள்: "எப்பிடியாச்சும் அங்க வந்துரணும்ட்டி."

மோட்டார் வாங்க, வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கத்தில் பணம் இருந்தது. வாங்கக் கூட்டம் ஒப்புதல் தர வேண்டும். அந்தக் கூட்டம்தான் கூடவில்லை.

சங்கத்துக்குச் செயலாளர் முதல் மாடி மாமா. அரசாங்க அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் விதிகளை உரக்கப் படிப்பார். பன்னிரண்டு சொந்தக்காரர்களில் எட்டுப் பேர் நேரில் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். அரை மணி நேரம் காத்திருக்கலாம். அதற்குள் சேராவிட்டால் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்க வேண்டும். ஒத்திவைத்த கூட்டத்துக்கும் அதே எட்டுப் பேர்.

மாமாவும் மூச்சிரைக்க வாளி தூக்குகிறவர்தான். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியில் பாதி வழியில் நிற்பார். "நீங்களே மோட்டாருக்கு ஆர்டர் குடுத்திருங்களேன்" என்று அப்பா ஒருநாள் கெஞ்சினார். "கோரம் இல்லாம நான் ஒரு போல்ட்டு கூட வாங்கமாட்டேன் ஸார். தண்ணி இன்னிக்கி இல்லேன்னா நாளைக்கி வரும். ரூல் போனா வராது" என்று சொல்லிவிட்டு மாமா வாளியைத் தூக்கினார்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு, மொட்டைமாடியில். மாமா எல்லாக் கணக்கும் போட்டு வைத்த நேரம் அது. ஒரு கணக்கை மட்டும் விட்டுவிட்டார். நான்கு மணிக்கு மொட்டைமாடித் தரையில் அப்பளம் பொரிக்கலாம். ஆகையால் பாதிப் பேர் வெயில் தாழட்டும் என்று இருப்பார்கள். வெயில் தாழும் நாலரைக்கு ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் பிறந்துவிடும். புது மோட்டார் வாங்கும் பேச்சை ராகு காலத்தில் யார் தொடங்குவார்கள்? அது முடிய ஆறு மணி. ஆறு மணிக்கு டிவியில் படம்.

அப்போது எங்கள் கட்டடத்திலேயே டிவி ஒன்றுதான். அது கீழ்வீட்டு வக்கீல் வீட்டில் இருந்தது. வக்கீல் சைதாப்பேட்டை கோர்ட்டில் வாதாடுபவர். சங்கக் கூட்டத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவர் வீட்டுக் குழாயில்தான் தண்ணீர் வருகிறதே. கூட்டம் கூடி மோட்டார் வாங்கினால் அவர் பங்கும் அதில் போகும், பிறகு மாதாமாதம் மின்கட்டணத்திலும் போகும். எதிர்த்து ஓட்டுப் போட்டால் கெட்ட பெயர். வராமல் இருந்துவிட்டால் பெயரும் கெடாது, மோட்டாரும் வராது. மற்ற இரண்டு கீழ்வீட்டுக்காரர்களுக்கும் இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

எங்கள் வாட்ச்மேன்தான் பாவம். வாடகை நாற்காலிகளை வாராவாரம் மேலே தூக்கி, அப்படியே கீழே இறக்குவார்.

"இன்னாம்மா, இன்னிக்கும் புட்டுக்கிச்சா?"

"ஆறு பேர்தான் வந்தாங்க."

"நாற்காலிங்கோ பன்னெண்டும் கரீட்டா வந்துகினு கீது. அதுங்கள உட்டே ஓட்டு போடச் சொல்லேன்."

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை அனுப்பினார். "என்னதான் நடக்குதுன்னு பாத்துட்டு வா." மொட்டைமாடிக் கதவுக்கு உட்புறம், கடைசிப் படிகளில், நாலைந்து பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றார்கள். நாற்காலிகள் ஆண்களுக்கு. பெண்கள் படியில் நின்று கேட்பதோடு சரி. நானும் அவர்களோடு நின்றேன்.

மாமா விதிகளைப் படித்தார். பிறகு ஆஜர் எடுத்தார். "செயலாளர் ஆஜர்" என்று தன்னை முதலில் சொல்லிக்கொண்டார். அப்புறம் ஒவ்வொரு வீட்டு எண்ணாகச் சொல்லி, சொந்தக்காரர் பெயரைக் கூப்பிட்டார். "ஸ்ரீமதி" என்று தொடங்கி ஒரு பெயர். அடித்தொண்டையில் "ஆஜர்" என்றது ஒரு கனத்த குரல். இன்னொரு "ஸ்ரீமதி". கடோத்கஜன் மாதிரி ஒருவர் கை தூக்கினார். அடுத்த ஸ்ரீமதி எங்கள் அம்மா. "ஆஜர்" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. படியில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரிக்க, எல்லோரும் சிரித்துவிட்டோம்.

"என்ன அங்க சத்தம்?" என்றார் மாமா.

நான் வெளியே போய் நின்றேன். "ஒரு சந்தேகம் மாமா. நீங்க கூப்பிட்டது ஸ்ரீமதியை. கை தூக்கினவருக்கு மீசை இருக்கே?"

"அவர் அவாளோட ஆத்துக்காரர்."

"சொந்தக்காரர் நேர்ல வரணும், ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் வரக்கூடாதுன்னு இப்பத்தானே படிச்சீங்க?"

கடை நொடித்தாலும் வீடு நிற்கட்டும் என்று மனைவி பெயரில் வாங்கியவர்கள், வருமானக் கணக்குக்குப் பயந்து மனைவி பெயரில் வாங்கியவர்கள், மாமனார் கொடுத்ததால் மனைவி பெயரில் வந்தவர்கள் என்று எங்கள் கட்டடத்தில் பாதிக்கு மேல் ஸ்ரீமதிகள்தான். அவர்கள் யாரையும் யாரும் கூப்பிட்டதில்லை.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வந்தது கோபமல்ல. நல்ல சங்கீதம் கேட்டவர் முகம்.

"பேஷ்! பாயிண்ட் கரெக்ட். அப்ப இன்னிக்கி வந்திருக்கிறவா ஆறு பேர் இல்லே. நானும் பத்தாம் நம்பர் ஸாரும் மட்டுந்தான். ரெண்டு பேர்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா பொங்கினார். "கூட்டத்தக் கூட்ட ஒரு வழி சொல்லுட்டின்னு பி.ஏ. படிக்க வச்சா, இருந்த கூட்டத்தையும் கொறச்சிட்டு வந்து நிக்கியே! இனி ஒன் அக்கா சைதாப்பேட்டையிலதான் பெறுவா."

என் பெருமையெல்லாம் வடிந்துவிட்டது. அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"அப்பொ நாந்தான் இந்த வீட்டுக்காரியா?"

"ஆமாம்மா. காகிதத்துல நீதான்."

"இத்தன நாளா ஒருத்தரும் சொல்லலியே. நான் பாட்டுக்குத் தண்ணி தூக்கிட்டுக் கெடந்தேன்."

அடுத்த நாள் நான் வீடு வீடாகப் போனேன். பெண்கள் வரத் தயார்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கா? டிபன், காப்பி, வருகிற விருந்தாளி எல்லாம் அந்த நேரத்தில்தான். அதுவும் மொட்டைமாடியில், ஆண்களோடு சரிசமமாக நாற்காலியிலா? "நீ படிச்ச பொண்ணு, நீ ஒக்காரலாம்" என்று ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சோர்ந்து போய் வந்து அம்மாவிடம் புலம்பினேன். எட்டுப் பேரை ஒரே இடத்தில் எப்படி உட்கார வைப்பது?

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கெழம சாயங்காலம் எல்லாரும் வக்கீல் வீட்டுலதானட்டி உக்காந்திருக்கோம்?"

அதுதான் உண்மை. ஐந்தே முக்காலுக்கே வக்கீல் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். அந்தக் கூடத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. தூணுக்குப் பக்கம் ஒருத்தி, விசிறிக்குக் கீழே ஒருத்தி. படம் முடியும்வரை யாரும் அசையமாட்டார்கள். எழுந்தால் இடம் போச்சு. படத்துக்கு நடுவே செய்தி வரும்போதுகூட எழமாட்டார்கள். குழந்தை அழுதாலும் பக்கத்தில் இருக்கிறவளிடம் கொடுத்து சமாதானம் பண்ணச் சொல்வார்களே தவிர, இடத்தை விடமாட்டார்கள்.

மாமாவிடம் ஓடினேன். "சினிமாவுக்கு நடுவுல ஜெனரல் பாடியா? சிவ சிவா" என்றார்.

"மொட்டைமாடியிலதான் கூட்டணும்னு விதி இருக்கா மாமா?"

அவர் யோசித்தார். "இல்லே. அங்கத்தினர்களுக்கு வசதியான இடம்னுதான் இருக்கு." உதட்டோரம் சிரிப்பு வந்தது. "ஆனா அந்த ஆத்துச் சொந்தக்காரர் சம்மதம் வேணும்."

அந்த வீடும் வக்கீல் மனைவி பெயரில்தான் இருந்தது. அந்த அம்மாளைக் கொல்லைப்புறத்தில் பிடித்தேன். முதல் மாடியிலிருந்து மூன்றாம் மாடி வரை எல்லா வீட்டுக் குடங்களும் அவர் குழாயடியில்தான் வரிசையாக நின்றன. நான் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டினார்.

"தாராளமா நடத்துங்க. காலைல அஞ்சு மணிக்கு என் கொல்லையில ஊரே நிக்குது. பல்லு வெளக்கப் போனா நானே வரிசையில நிக்கணும் போலிருக்கு. அவருக்கென்ன, எழுந்துக்கறதே ஏழு மணிக்கு."

ஏழு நாள் முன்னதாக மாமா அறிவிப்பைத் தட்டச்சு செய்து மாடிப்படிக்குக் கீழே ஒட்டினார். இடம்: ஒன்றாம் எண் வீட்டுக் கூடம். நேரம்: செய்தி என்று சொல்லாமல், அது தொடங்கும் மணியை மட்டும் போட்டிருந்தார். வக்கீல் அதைக் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தார்.

"என்ன ஸார் இது, என் வீட்டுல?"

"உங்க ஆத்துக்காரி வீட்டுல ஸார். அவா பர்மிஷன் குடுத்துட்டா."

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடம் வழக்கம்போல நிரம்பியது. ராகு காலம் தாண்டியாயிற்று, வெயிலும் இல்லை. கதாநாயகி அழ ஆரம்பித்தபோது படம் நின்று செய்தி வந்தது. வக்கீல் மனைவி போய்ச் சத்தத்தைக் குறைத்தார். செய்தி வாசிப்பவர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்க, மாமா எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"செயலாளர் ஆஜர்" என்று தொடங்கினார். பிறகு ஸ்ரீமதிகள். முதல்முறையாகப் பெண் குரலில் பதில் வந்தது. ஒருத்தி "இருக்கேன்" என்றாள். ஒருத்தி வெட்கப்பட்டுக் கை மட்டும் தூக்கினாள். எங்கள் அம்மா பெயரை அழைத்ததும், "வந்திருக்கேன்யா" என்றார், வெற்றிலைக் கடையில் குரல் கொடுப்பது போல. சிரிப்பு எழுந்தது. மாமா எண்ணினார். எட்டு!

"ஒரு நிமிஷம்" என்றது வாசற்பக்கக் குரல். வக்கீல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முகத்தில் கோர்ட்டுச் சிரிப்பு. "செக்ரட்டரி ஸார், எல்லார் பேரையும் கூப்பிட்டீங்க. உங்க வீட்டு நம்பரைக் கூப்பிடலியே? அது யார் பேர்ல இருக்கு?"

மாமா கையிலிருந்த ஆஜர்ப் பட்டியலைப் பார்த்தார். அரசாங்க வேலையில் இருந்தபோது வாங்கிய வீடு, மாமி பெயரில் வாங்கியிருந்தார். இத்தனை நாளாக "செயலாளர் ஆஜர்" என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அது மறந்துபோயிருந்தது. வேறு யாராக இருந்தாலும் மழுப்பியிருப்பார்கள். மழுப்பட்டுமே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"அவர் சொல்றது சரி" என்றார் மாமா. "நான் கணக்குல இல்லே. ஏழு பேர்தான்."

அம்மா என்னைப் பார்த்தார். டிவியில் செய்தி வாசிப்பவர் தாளைப் புரட்டினார். படம் மறுபடி தொடங்கினால் ஓட்டுமில்லை, மோட்டாருமில்லை. நான் விசிறிக்குக் கீழே இருந்த என் இடத்தை விட்டு எழுந்தேன். அது நொடியில் காணாமல் போனது. முதல் மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாவினேன்.

மாமி அடை வார்த்துக்கொண்டிருந்தார். "நான் சினிமா பாக்கறதில்லையேடி."

"சினிமா இல்ல மாமி, கூட்டம். வாங்க சீக்கிரம்."

"கூட்டத்துக்கு நான் எதுக்கு? மாமா போயிருக்காரே."

"மாமா கணக்குல இல்ல மாமி. நீங்கதான் சொந்தக்காரி."

மாமி தோசைத்திருப்பியை அந்தரத்தில் நிறுத்தினார். "இத அந்த மனுஷர் வீடு வாங்கின நாள்லேர்ந்து ஒருநாளாவது சொன்னாரா பாரு!" அடுப்பைக் குறைத்து வைத்தார். தோசைத்திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கி வந்தார்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமா நிமிர்ந்து நின்று, ஆபீஸ் குரலில், தன் மனைவியின் பெயரை "ஸ்ரீமதி" போட்டு அழைத்தார்.

"இதோ நிக்கறேனே, தெரியலியா?" என்றார் மாமி.

"ஆஜர்னு சொல்லணும்."

"ஆஜர். அடை கருகறது, சீக்கிரம் ஆகட்டும்."

மோட்டார் வாங்கலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் மாமா. எட்டுக் கைகளும் எழுந்தன, ஒன்றில் தோசைத்திருப்பி. வக்கீல் மனைவியின் கைதான் முதலில் எழுந்தது. வக்கீல் அதைப் பார்த்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். கதாநாயகி விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.

படம் முடிந்து செருப்புத் தேடும்போது வக்கீல் என்னிடம் சொன்னார்: "பரீட்சை முடிஞ்சதும் வேற கட்டடத்துக்குக் கல்யாணம் பண்ணிண்டு போயிடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

சொந்தக்காரர்தான் பதவியிலும் இருக்கலாம் என்று மாமா அடுத்த வாரமே தன் ராஜினாமாவைக் கொடுத்தார். பிறகு மாமிதான் செயலாளர். மாமா தட்டச்சு செய்தார். ராகு காலம் பார்த்து, சமையல் நேரம் பார்த்து, படம் பார்த்துக் கூட்டம் வைக்க மாமியைப் போல ஆள் கிடையாது. அதன் பிறகு ஒரு கூட்டமும் ஒத்திவைக்கப்படவில்லை. வாட்ச்மேன்தான் நாற்காலிகளுக்காக வருத்தப்பட்டார். "இன்னாம்மா நீ, ஏத்தி எறக்கி ஒடம்பு நல்லா ஸ்டெடியா இருந்துச்சு. கெடுத்துட்டியே!"

அக்கா வளையல் குலுங்க, படிக்கொரு தரம் நின்று, மூன்று மாடி ஏறி வந்தாள். நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். அது முதலில் காற்றைத் துப்பியது, பிறகு துருவைத் துப்பியது, பிறகு தண்ணீர் கொட்டியது. கையை நீட்டி அதில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதெல்லாமா காலேஜுல சொல்லித் தாராவ?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அதற்குள் அம்மா வந்து குழாயை மூடினார்.

"போதும். இது வீட்டுக்காரி சொல்லுதேன்."